நாளைக்கும் இருப்பவர்கள்

(சமயபுரத்தில் கல்லூரி மாணவர்களும் ஊர்மக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)

எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் வாழும் இல்லங்களுக்குத் தொண்டு செய்யப் போவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். இங்கே இருக்கும் மாணவர்கள் சிலருக்கு ஆப்பிரிக்கா போய் அப்படி ஒரு இல்லத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வர ஆசை. சிங்கப்பூரிலும் லண்டனிலும் வளர்கிற நம் உறவுக்காரப் பிள்ளைகளோ விடுமுறையில் திருச்சியில் வந்து இறங்கி, “இங்கே ஏதாவது ஒரு ஹோமில் மூணு வாரம் சேவை செய்யலாமா?” என்று கேட்கிறார்கள். நல்ல மனசோடு கேட்கிற கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளோடு விளையாடுவதற்கும் அவர்களைத் தூக்கிக் கொஞ்சுவதற்குமாகச் சில வாரப் பயணம் போகாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய வேறு எவ்வளவோ இருக்கிறது. காரணத்தைச் சொல்லத்தான் இந்த மேடை.

அதைச் சொல்ல இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975இல். அதற்கு முன் அது எத்தனை வீடுகளைக் காலி செய்தது என்பதை இங்கே இருக்கும் மூத்தவர்கள் அறிவார்கள். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் நம் மாரியம்மன் பச்சைப் பட்டினி இருக்கிறாள். நோய் நொடி அண்டாமல் ஜனங்கள் இருக்கவேண்டும் என்பதற்காகத் தெய்வமே பட்டினி கிடக்கிற ஊர் இது.

அம்மை கண்ட வீட்டில் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலை செருகினார்கள். தெருவுக்கு அது போதும்; வேற்றாள் யாரும் படி ஏறமாட்டார். வீட்டில் தாளிப்பு கிடையாது. இளநீர், மோர், வேப்பிலைப் படுக்கை. படுத்திருப்பது நாலு வயசுப் பிள்ளையாக இருந்தாலும் அதட்டிப் பேசமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்று மரியாதையாகப் பேசுவார்கள். முதல் முத்து கண்ட நாளிலிருந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை ஒரே ஆள், பெரும்பாலும் பாட்டி, பாயைவிட்டு நகராமல் பக்கத்தில் இருப்பாள். இதனால் பெரியம்மை குணமானது என்று நான் சொல்லவரவில்லை. அதை ஒழித்தது அம்மைக் குத்துதான். ஆனால் நோய் கண்ட குழந்தையை எப்படி நடத்துவது என்பதில் அந்தப் பாட்டிகள் பிசகவில்லை. குழந்தைமேல் பழி போடவில்லை. வேடிக்கை பார்க்க ஆள் விடவில்லை. கவனித்துக்கொள்கிறவர் மாறிக்கொண்டே இருக்கவில்லை.

எச்.ஐ.வி. வந்தபோது நமக்கு இதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இந்தியாவில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் மாநிலத்தில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, தம் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் சொன்னபடி, பெண்கள் காப்பகம் ஒன்றில் இருந்தவர்களிடம் ரத்தம் எடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்ததில் ஆறு பேருக்கு இருந்தது. அதன்பின் பல ஆண்டுகள் நாட்டை ஆண்டது பயம். ஆஸ்பத்திரிகளிலேயே தொடத் தயங்கினார்கள். சாவு வீட்டுக்குச் சொந்தங்கள் வரவில்லை. பெற்றோரைப் பறிகொடுத்த குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் அனாதை இல்லங்களே கதவைச் சாத்தின. அப்படி யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக, 1990களின் நடுவில், குழந்தை மருத்துவர் பி. மனோரமா சென்னையில் ‘செஸ்’ அமைப்பின் மூலம் ஓர் இல்லத்தை நடத்தத் தொடங்கினார். இந்த இல்லங்களைப் பற்றி நான் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் ஒன்றை மறக்கமாட்டேன். போக்கிடமே இல்லாத ஒரு காலத்தில் இவை பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன.

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் எச்.ஐ.வி. உள்ள அக்காள், தம்பி இரண்டு பேரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மற்றப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தது 2003இல். அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அந்தப் பிள்ளைகளை எல்லார் முன்னிலும் அணைத்துக்கொண்டார். அந்தப் படம் நாடு முழுக்கப் போய்ப் பலருடைய பயத்தைக் குறைத்தது. கூடவே அந்த இரண்டு முகங்களும் நாடு முழுக்கத் தெரிந்துபோயின. இந்த இரண்டாவது விஷயத்துக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

நம் பக்கத்துக் குடும்பங்களில் இது நடந்த விதத்தை மாணவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். பெரும்பாலும் அப்பா முதலில் போவார். காசநோய், மஞ்சள் காமாலை என்று வெளியே ஏதோ ஒரு பெயர் சொல்வார்கள். சில வருஷத்தில் அம்மா. கல்யாணத்தைத் தவிர வேறெதுவும் அறியாத பெண்கள் அவர்கள். பிறகு மிச்சமிருப்பது ஒரு அப்பாயியும் பேரப்பிள்ளைகளும். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி, ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்து சிகிச்சையை அரசு இலவசமாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அது ஆரம்பித்த இடம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. குழந்தைகளுக்கென்று தனியாகச் செய்த மருந்து 2006 நவம்பர் கடைசியில்தான் அரசுத் திட்டத்துக்கு வந்தது. அதுவரை பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நிலைமை வேறு. ஒன்றும் செய்யாமல் விட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மார் 100 பேரில் 15 முதல் 45 பேரின் பிள்ளைக்கு அது போய்ச் சேரும். கர்ப்பத்திலேயே அரசின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை செய்து, தாய்க்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டால் 5க்கும் கீழே இறங்கிவிடுகிறது. பிறக்கும்போதே நோயோடு வரும் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். மருந்து சாப்பிடும் அம்மாக்கள் உயிரோடு இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைத் தாங்களே வளர்க்கிறார்கள்.

ஆகவே இன்றைக்கு இப்படி ஒரு இல்லத்துக்குள் போகிறவர், மனசில் கற்பனை செய்துகொண்டு வந்த கைக்குழந்தைகளைப் பார்ப்பது அபூர்வம். பத்தாம் வகுப்புக்குப் படிக்கிற பையன் இருப்பான். ஐ.டி.ஐ. போகலாமா, நர்சிங் சேரலாமா என்று யோசிக்கிற பெண் இருப்பாள். தம்மைப் பார்த்து இரக்கப்பட ஒருவர் வருவது அந்த வயசுப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் இல்லங்களிலோ வேறு ஒன்று நடக்கிறது. முன்பின் பார்த்திராத ஆள் கேட்டைத் திறந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பலர் வியந்து பேசுவார்கள். ‘எவ்வளவு அன்பு பாருங்கள்’ என்பார்கள். வீட்டில் வளர்கிற இரண்டு வயசுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மா புடவைக்குப் பின்னால்தானே ஒளிந்துகொள்ளும்? யாரிடமும் ஒட்டிக்கொள்கிற பிள்ளை, தனக்கென்று ஒருவர் இல்லாமல் வளர்கிற பிள்ளை. மூன்று வாரம் நீங்கள் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள், கதை சொல்கிறீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். நாலாவது வாரம் விமானம் ஏறிவிடுகிறீர்கள். அடுத்த மாதம் இன்னொருவர் வருவார், அவரும் போவார். தன்னிடம் பிரியமாக இருக்கிறவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள் என்பதை ஐந்து வயசுக்குள் அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பக் கற்றுக்கொள்கிறது. தென்னாப்பிரிக்க உளவியல் அறிஞர் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பார்க்கப் பயணம் வருவதே ஒரு சுற்றுலாவாகிவிட்டது, சிறு குழந்தைகளுக்கு அது தீங்கு என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். பெற்றவர்களை இழந்த பிள்ளைக்கு இன்னொரு இழப்பை நாம் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கவேண்டுமா?

பணத்தைப் பற்றியும் பேசியாகவேண்டும். பார்க்க ஆள் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் இல்லங்கள் பெருகும், இல்லங்கள் பெருகினால் அவற்றை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அனாதை இல்லங்கள் 75 விழுக்காடு கூடியதாக யுனிசெப் கணக்கெடுத்தது. அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். இப்படிக் குழந்தைகளைத் திரட்டுவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் இந்தத் தொண்டுப் பயணங்களால் குழந்தைகளுக்கு வரும் கேட்டைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. இது எங்கேயோ நடக்கிற கதை என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தைகள் இல்லங்களை எல்லாம் பதிவு செய்தாகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 மே 5ஆம் தேதி கண்டிப்பாகச் சொன்னதே, அந்த வழக்கின் பெயரிலேயே தமிழ்நாட்டு அனாதை இல்லங்கள் என்றுதான் இருக்கிறது. நம் திருச்சியிலேயே பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றின் விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், பிள்ளைகளின் பெற்றோர் யார் என்று கண்டுபிடிக்க மரபணுச் சோதனை நடத்தும் அளவுக்கு வந்ததே.

சரி, ஆப்பிரிக்கா போக நினைக்கிற மாணவர்களுக்காக ஒரு நல்ல உதாரணமும் சொல்கிறேன். கென்யாவின் நைரோபியில் ‘நியும்பானி’ என்று ஓர் இல்லம் இருக்கிறது. ஆஞ்சலோ டி’அகோஸ்டினோ என்ற அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார், மருத்துவரும்கூட, எச்.ஐ.வி. உள்ள கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1992இல் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து போய்த் தொண்டு செய்தவர்தான் அவரும். ஆனால் அவர் தங்கினார். 2006இல் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளோடே இருந்தார். அந்தப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகள் சேர்க்க மறுத்தபோது இல்லத்தார் நீதிமன்றம் போனார்கள். 2004இல் பள்ளிக் கதவு திறந்தது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. இல்லத்தின் கட்டடங்களைப் பெருக்கிக்கொண்டே போகாமல், 1998இலேயே நைரோபியின் குடிசைப் பகுதிகளில் சொந்த வீட்டிலேயே இருக்கும் குழந்தைகளுக்கு மருத்துவம் கொண்டுபோகும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். பிறகு கிடூயி என்ற வறண்ட பகுதியில் ஒரு கிராமத்தையே உண்டாக்கி, பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் பிள்ளைகளை இழந்த பாட்டிகளையும் ஒரே கூரையின்கீழ்க் குடும்பமாக வாழவைத்தார்கள். எத்தனையோ கற்றுத் தேர்ந்தவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்தது பாட்டியிடம்.

நம் அப்பாயிகளிடம் அந்தப் பாடத்தைப் படிக்க நைரோபி போகவேண்டியதில்லை. திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரியின் ஏ.ஆர்.டி. மையத்துக்கு லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வருவார் ஒருவர். விடியற்காலையில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் நிலையம் வந்து, பஸ் மாறி வருவார். மாத்திரைப் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு மாத்திரைகளை மட்டும் வேறு டப்பாவில் கொட்டிக்கொள்வார். “ஏம்மா பெட்டியக் கிழிக்கிறீங்க?” என்று கேட்டேன். “ஊர்ல நாலு பேரு படிச்சவங்க இருக்காங்க சாமி. சத்து மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றார். களை எடுக்கப் போனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை தவறாது என்பார். அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு ஆகிறது, முட்டி வலிக்கிறது. அவர் படுத்துவிட்டால் அந்தப் பையன் ஏதாவது ஓர் இல்லத்துக்குத்தான் போகவேண்டும். அவரைப் படுக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் பையனுக்குச் செய்யும் தொண்டு. அப்படிச் செய்தால் அதைப் படமெடுத்துப் போட முடியாது, பெயர் வராது, ஆனால் பையன் வீட்டிலேயே வளர்வான்.

அரசும் இந்தப் பக்கம் வரத் தொடங்கியிருக்கிறது. குடும்பத்திலேயே வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்க்கு வழி இருக்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய நம் மாநிலத்தின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 2,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் விண்ணப்பத்துக்கு இறப்புச் சான்று வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி எத்தனை ஜன்னலில் போய் நிற்பார்? உங்களில் ஒருவர் அந்தக் காகிதங்களோடு தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசில் இருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கூடவே அலைந்தால், அது எந்த வெளிநாட்டுப் பயணத்துக்கும் குறைந்ததல்ல. 2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்துகிற மூத்த பிள்ளைக்கு 12 வயது முடிந்து, விவரமும் இருந்தால், தம்பி தங்கைகளைப் பள்ளியில் சேர்க்கவும் வங்கிக் கணக்கைக் கையாளவும் அந்தப் பிள்ளையே காப்பாளராகக் கையெழுத்துப் போடலாம். அம்மாவும் அப்பாவும் போன வீட்டில் உண்மையில் யார் குடும்பம் நடத்துகிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. எத்தனை தலைமையாசிரியர்கள் அதைப் படித்திருப்பார்கள்?

இப்போது அந்தக் கொல்லத்து முகங்களுக்கு வருகிறேன். ஒரு குழந்தைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்ற செய்தி அந்தக் குழந்தையின் சொத்து. அதை எப்போது, எப்படிச் சொல்வது என்று ஆலோசகர்கள் வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு. ‘உன் உடம்பில் ஒரு கிருமி தூங்குது, மாத்திரை அதை எழுந்திருக்கவிடாது’ என்று ஏழு வயசில் ஆரம்பிப்பார்கள். நோயின் பெயரைச் சொல்வது எவ்வளவோ பிறகு. அந்தப் பிள்ளையிடம் வந்த விருந்தாளி ஒருவர், ‘உனக்கு எச்.ஐ.வி. எப்படிப்பா வந்துச்சு?’ என்று கேட்டுவிட்டால் அத்தனை உழைப்பும் போயிற்று. அம்மாவைப் பற்றி அவன் என்ன நினைத்துக்கொள்வான் என்று அவருக்குத் தெரியுமா? செல்போனில் படம் எடுத்துத் தம் பக்கத்தில் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சட்டத்தை விடுங்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பையனுக்குப் பெண் பார்க்கிறபோது அந்தப் படம் எங்கே இருக்கும்?

உடல்நிலை பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளிடமிருந்து தமக்கு ஏதாவது தொற்றுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். சேர்ந்து சாப்பிட்டால், கட்டிக்கொண்டால் எச்.ஐ.வி. வராது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு நாம்தான் சளியையும் காசநோயையும் சின்னம்மையையும் கொண்டுபோகிறவர்கள். வேப்பிலை செருகிய வாசலில் நம் முன்னோர் நின்றுவிட்டது எதற்காக என்று யோசியுங்கள்.

வெளிநாட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அது நியாயமாகாது. நம் வீட்டுப் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லத்தில் சாப்பாடு போடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் இருபது பேர் வேனில் போய் இறங்கி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, முன்பின் தெரியாத ஒருவருடைய பிறந்தநாளுக்குப் பாட்டுப் பாடச் சொல்லி, கேக்கை வாயில் ஊட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிற பிள்ளையும் பாடியாகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பிரியாணி வந்துசேரும். புதன்கிழமை காய் வாங்கக் காசு இருக்காது. பணத்தை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பி வந்தால் புண்ணியம் குறைந்துவிடாது. மாசாமாசம் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த இல்லத்தில் ‘அக்கா’ என்று பிள்ளைகள் கூப்பிடுகிற பணியாளர் இருப்பார். எந்தப் பையன் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைப்பான், எவள் ராத்திரி அழுவாள் என்று அவருக்குத் தெரியும். சம்பளம் பற்றாமல் அவர் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகள் இன்னொரு தாயை இழக்கிறார்கள். லண்டனிலிருந்து வருகிற விமான டிக்கெட் பணம் அவருக்குப் பல மாதச் சம்பளம். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள், அயல்நாட்டு நிதி பெற அனுமதி உள்ள அமைப்புதானா என்று பார்த்து அனுப்புங்கள்.

அப்படியும் வரத்தான் வேண்டும் என்கிறவர்கள் கையில் ஒரு வித்தையோடு வாருங்கள். பல் மருத்துவராக இருந்தால் வாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர், ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர் வாருங்கள். பிள்ளைகளோடு பழகுவதைவிட அவர்களை வளர்க்கிறவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யுங்கள். இங்கேயே வசிக்கும் மாணவர்களுக்கு இன்னும் வசதி. ஒரே ஒரு பிள்ளைக்கு, வாரம் ஒரு மாலை, கல்லூரி முடிகிறவரைக்கும் பாடம் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியாது என்றால் தொடங்காதீர்கள். முடியும் என்றால் நிர்வாகம் உங்களைப் பற்றி விசாரிக்கட்டும், போலீஸ் சரிபார்ப்பும் கேட்கட்டும். அப்படிக் கேட்காத இல்லத்தைக் கண்டால்தான் நான் கவலைப்படுவேன்.

கடைசியாக, 18 வயது முடிந்தவர்கள். 2006இல் மாத்திரை தொடங்கிய குழந்தைகள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இவ்வளவு காலம் இருப்பார்கள் என்று அன்றைக்கு யாரும் திட்டமிடவில்லை. 18 முடிந்தால் இல்லத்தைவிட்டு வெளியே வரவேண்டும். பின்பராமரிப்பு என்று 21 வயதுவரை உதவ ஏற்பாடு உண்டு. ஆனால் அது எல்லாருக்கும் வந்து சேர்வதில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவின் வழியாகக்கூட அது இன்னொருவருக்குப் போகாது என்று மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. அவர்கள் வேலை பார்க்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், நோயில்லாத பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலையோ வாடகை வீடோ மறுப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, ‘அப்பா அம்மா எங்கே இருக்காங்க?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

எனக்குத் தெரிந்த இளைஞர்கள் சிலர் இப்போது அப்படி அறை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே சமயபுரத்திலோ, மண்ணச்சநல்லூரிலோ, ஸ்ரீரங்கத்திலோ ஒரு சிறு போர்ஷன் காலியாக வைத்திருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து பேசுங்கள். உறவு என்று சொல்லிக் கையெழுத்துப் போட நான் வருகிறேன்.